மைதானத்தின் விரிவாக்கமும் மண்ணின் கணக்கும்

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென விழாக் குழுவினர் கேட்டு வந்தபோது, ‘கல்வியால் பெற்ற உயர்வு’ என்று தலைப்பையும் அவர்களே எழுதிக் கொண்டுவந்திருந்தனர். அத்தலைப்பில் எழுதுவதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் நம்மிடையே உளர். வரலாறு கற்பித்தே தலை நரைத்தவன் என்னும் முறையில், வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்து எழுத இசைவு கேட்டேன். இசைந்தனர். அந்நிகழ்ச்சி கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றியது என்று சொன்னபோது மட்டும் செயலாளர் சற்றே சிரித்தார்.

அவர் சிரித்ததில் தவறில்லை. வாலிநோக்கத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் அவ்வாட்டத்தை ஆடியவர் எவரையும் நான் அறியேன். நம் கரையில் அதற்கு மைதானமும் இல்லை. ஆயினும், உலகின் மறுகோடியில் ஒரு சிற்றூர் தன் கோல்ஃப் மைதானத்தை ஒன்பது குழிகளிலிருந்து பதினெட்டுக் குழிகளாக விரிக்க முயன்ற வரலாறு, மணலிலும் உப்பிலும் வாழும் நம்மவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. அதனை அறிவதற்கு முன் அந்த ஆட்டத்தையும் நம் மணலையும் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

கோல்ஃப் ஸ்காட்லாந்தின் கடற்கரையில் வளர்ந்த ஆட்டம். 1457இலேயே அந்நாட்டு அரசர் இரண்டாம் ஜேம்ஸ், குடிகள் வில்வித்தைப் பயிற்சியை விட்டு இதில் மூழ்குகின்றனர் என்று தடை விதித்தார். அந்நாட்டில் கடலுக்கும் உழவு நிலத்துக்கும் இடையே கிடந்த மணல் மேடுகளில் ஏர் ஓட்ட இயலாது, ஆடுகள் மேய்ந்தன, அடிக்கடி பெய்யும் மழையில் புல் தானே குட்டையாக வளர்ந்தது. அந்நிலத்தில் ஆடியோர் மண்ணை மாற்றவில்லை. மண்ணுக்கு ஏற்ப ஆட்டத்தை அமைத்துக்கொண்டனர். பின்னர் ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் ஆட்டமும் சென்றது. கல்கத்தாவில் 1829இல் கோல்ஃப் சங்கம் தோன்றியது. நம் மாநிலத்தில் கொடைக்கானலில் 1895இல் தோன்றியது. ஸ்காட்லாந்தின் மழையும் மணலும் மட்டும் உடன் செல்லவில்லை. எனவே மற்ற இடங்களிலெல்லாம் நிலத்தை வெட்டி நிரவி, புல்லை நட்டு, நீர் பாய்ச்சி, உரமும் பூச்சிமருந்தும் இட்டு, அந்த நிலத்தோற்றத்தைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியதாயிற்று. பதினெட்டுக் குழி மைதானம் ஒன்றுக்கு ஏறத்தாழ 120 முதல் 150 ஏக்கர் வரை நிலம் தேவைப்படுகிறது.

இனி நம் மணலுக்கு வருவோம். நம் ஊர்க் கரையில் இராவணன் மீசையும் அடப்பங்கொடியும் படர்ந்து கிடக்கும் மணல் மேடுகளை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். அவற்றின் அடிவாரத்தில் நம் தாய்மார்கள் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடம் நிறைப்பதையும் கண்டிருக்கிறீர்கள். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் குடிநீர் எங்ஙனம் கிடைக்கிறது? மேட்டின் மீது பெய்யும் மழை மணலுக்குள் இறங்குகிறது. உப்புநீரைவிட எடை குறைந்ததாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. நெதர்லாந்தின் கைபென், ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் என்னும் இருவர் தனித்தனியே இதன் கணக்கைக் கண்டனர். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அக்கணக்கு. இதன் மறுபக்கந்தான் அச்சமூட்டுவது. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். மணல் மேட்டை வெட்டி நிரவினாலும், ஆழ்துளைக் கிணறு இட்டு இறைத்தாலும், ஊற்று உவர்ப்பதற்கு நெடுங்காலம் ஆகாது.

வகுப்பில் கரும்பலகையில் நான் போட்டுக் காட்டும் ஒரு கணக்கை இங்கும் தருகிறேன். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க 10,000 லிட்டர் வேண்டும். வெயில் மிகுந்த நாளில் புல்லுக்கு 5 மில்லிமீட்டர் தேவை எனவும், ஒரு மைதானத்தில் 25 ஹெக்டேர் மட்டுமே நீர் பாய்ச்சப்படுகிறது எனவும் கொள்வோம். நாளொன்றுக்கு 12,50,000 லிட்டர் ஆகிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்துள்ளது. வகுத்துப் பாருங்கள்: 22,000 பேருக்கு மேற்பட்டோரின் பங்கு. ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் அளவில், அதுவும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் மட்டும், மழை பெறும் நம் மாவட்டத்தில் இது விளையாட்டான கணக்கன்று. உவர்நீரிலும் வளரும் கடற்கரைப் புல் வகைகள் உண்டு, கழிவுநீரைத் தூய்மை செய்தும் பாய்ச்சலாம் என்பர். உண்மையே. அதனாலேயே ஒவ்வோர் இடத்திலும் கணக்குப் பார்த்தாக வேண்டும் என்கிறேன்.

இத்தகைய கணக்கைப் பணி தொடங்குமுன்பே பார்த்துவிடுவதற்குப் பெயர்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அமெரிக்க நாட்டில் 1970 ஜனவரி முதல் நாள் கையெழுத்தான சட்டத்தால் அது முதன்முதலில் நாடு தழுவிய கட்டாயமாயிற்று. நம் கரையில் தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர் வாலிநோக்கம் உப்பளம் எழுந்த காலம் அதற்குச் சில ஆண்டுகள் பிந்தியது. அக்கழகம் 1974இல் நிறுவப்பெற்றது. அந்த உப்பளத்தால் உலை வைத்த குடும்பங்கள் நம்மில் பல. அதனை நான் குறைத்துப் பேசேன். ஆனால் அக்காலத்தில் நம் நாட்டில், ஒரு பெரும்பரப்பு நிலம் வேறொன்றாக மாறுமுன் அங்கு வாழ்வோரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்னும் சட்டம் இருந்ததில்லை. நம் பெரியோர்களிடம் எவரும் எதையும் கேட்காமைக்கு அன்று அதுவே விளக்கம்.

இப்போது கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்துக்குச் செல்வோம். மாண்ட்ரியல் நகருக்கு மேற்கே, ஒட்டாவா ஆறு ஏரிபோல் விரியும் இடத்தில் ஓகா என்னும் சிற்றூர் உள்ளது. அதனை ஒட்டியும் ஊடாகவும் மோஹாக் என்னும் தொல்குடி மக்களின் குடியிருப்பு உண்டு. அவர்கள் அதைக் கனெசதாகே என்பர். 1717இல் பிரெஞ்சு அரசர் அந்நிலத்தைச் சல்பீசியன் என்னும் கிறித்தவத் துறவியர் சபைக்கு அளித்தார். தொல்குடியினரைக் குடியேற்றுவதற்காக அளித்த நிலம் அது. தங்கள் பொருட்டுச் சபை காத்துவரும் நிலம் என்று மக்கள் நம்பினர். தனக்கே உரிய நிலம் என்று சபை கொண்டது. 1868இல் ஜோசப் ஒனசகென்ராட் என்னும் இளந்தலைவர் நிலத்தைத் திருப்பிக் கேட்டார். சபையின் பள்ளியிலேயே படித்தவர் அவர். மறு ஆண்டு, எட்டு நாள்களுக்குள் நிலத்தை விட்டு நீங்குமாறு துறவியருக்குக் கெடு விதித்தார், சிறைப்பட்டார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1912இல் மோஹாக் மக்களுக்கு எதிராகத் தீர்ந்தது.

பிரிவி கவுன்சில் என்றதும் நம் மாவட்டத்துக்காரர் ஒன்றை நினைவுகூர வேண்டும். ஒனசகென்ராட் நிலம் கேட்ட அதே 1868இல் அதே மன்றந்தான் இராமநாதபுரம் சமஸ்தானத்தின் தத்து உரிமை வழக்கிலும் தீர்ப்பளித்தது. இந்துச் சட்ட மாணவர் இன்றும் படிக்கும் புகழ்பெற்ற வழக்கு அது. கைம்பெண் தத்தெடுக்கலாமா, சமஸ்தானம் எவருக்குச் சேரும் என்றெல்லாம் அறிஞர்கள் வாதிட்டனர். அந்நிலத்தில் உழுதவர் எவரும் அவ்வழக்கில் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர்.

ஓகாவுக்குத் திரும்புவோம். அவ்வூருக்கு மேலே ஒரு மணற்குன்று இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அதன் மரங்களை வெட்டித் தீர்த்தபின் மணல் நகரத் தொடங்கி, கீழே உள்ள ஊரை மூடிவிடும் நிலை வந்தது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சபையின் ஏற்பாட்டில், மோஹாக் மக்களின் கை உழைப்பைக் கொண்டு, அந்த மணலில் பைன் மரங்கள் நடப்பட்டன. மரங்கள் வேரூன்றின, மணல் நின்றது, ஊர் பிழைத்தது. பைன் தோப்பை ஒட்டியே அம்மக்களின் இடுகாடும் இருந்தது. நடும்போது கூலியாள்களாய் இருந்தவர்களின் பெயரன்மார், அத்தோப்பில் தம் கூட்டங்களை நடத்தினர். தம் முன்னோரை அதன் அருகே புதைத்தனர்.

1961இல் அப்பொது நிலத்தின் ஒரு பகுதியில் ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் அமைந்தது. மோஹாக் மக்கள் எதிர்த்தனர், பயனில்லை. 1977இல் அரசிடம் நிலவுரிமைக் கோரிக்கை வைத்தனர். 1986இல் அது தள்ளுபடியாயிற்று. 1989இல் ஊர் மேயர் ழான் வெலெட், மைதானத்தைப் பதினெட்டுக் குழியாக விரிக்கவும் அருகே சொகுசு வீடுகள் கட்டவும் போகும் திட்டத்தை அறிவித்தார். அதற்கு வெட்ட வேண்டியது அந்தப் பைன் தோப்பு. நெருங்க வேண்டியது அந்த இடுகாடு.

இக்கட்டுரையின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது. அந்த விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் மதிப்பீடும் செய்யப்படவில்லை. தொன்மை, வரலாறு குறித்த ஆய்வும் செய்யப்படவில்லை. சட்டத்தை மீறி அல்ல. கியூபெக் சட்டம் இவ்வகைத் திட்டத்துக்கு அவற்றைக் கோரவில்லை. மணலைப் பிடித்து நிற்கும் மரங்களை வெட்டினால் மணல் மீண்டும் நகருமா? எவரும் முறைப்படி கேட்கவில்லை. இடுகாட்டின் எல்லை எது? கேட்கவில்லை. ஓகா ஊரின் வெள்ளையருள்ளும் இத்திட்டத்தை விரும்பாதோர் பலர் இருந்தனர். மாநிலத்தில் தொல்குடி நலம் பார்த்த அமைச்சர் ஜான் சியாக்கியாவும் மோஹாக் மக்களின் மனக்குறையில் நியாயம் கண்டு எழுதினார். திட்டம் நிற்கவில்லை.

1990 மார்ச் மாதம் மக்கள் தோப்புக்குச் செல்லும் மண்பாதையை மறித்து அமர்ந்தனர். மேயர் நீதிமன்றத் தடையாணை பெற்றார். ஜூலை 11 அதிகாலையில் மாநிலக் காவல்படை தோப்புக்குள் புகுந்தது. முன்வரிசையில் நின்றவர் பெண்கள். அவர்களுக்காகப் பேசியவர் எலன் கேப்ரியல் என்னும் கலை மாணவி. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, துப்பாக்கிகள் வெடித்தன, மார்செல் லெமே என்னும் காவலர் மாண்டார். ஆற்றுக்கு அப்பால் கானவாகே என்னும் ஊரின் மோஹாக் மக்கள் ஆதரவாக எழுந்து, மாண்ட்ரியலுக்குச் செல்லும் மெர்சியே பாலத்தை அடைத்தனர். ஆகஸ்டு மாதம் கனடாவின் தரைப்படையே வந்து சூழ்ந்தது. செப்டம்பர் 26 வரை 78 நாள்கள் அது நீடித்தது. ஒன்பது குழிகளுக்காக ஒரு நாடு தன் படையை அனுப்பியது என்றால் நம்புதற்கரிது, நடந்தது அதுவே.

இறுதியில் மைதான விரிவாக்கம் கைவிடப்பட்டது. பைன் தோப்பை நடுவண் அரசு விலைக்கு வாங்கிற்று. 1991இல் தொல்குடியினர் நிலையை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைந்து 1996இல் அறிக்கை அளித்தது. நிலம் எவருடையது என்னும் மூல வழக்கோ இன்றளவும் முழுமையாகத் தீரவில்லை. இளைஞர்கள் இவ்வரலாற்றைப் படித்துவிட்டுத் தடுப்பரண் எழுப்பியதையே பெரிதாகப் பேசுவதுண்டு. நான் பெரிதாகக் கருதுவது வேறு. மரம் நட்டவர் எவர், ஏன் நட்டனர், எவரைப் புதைத்தனர் என்று ஊர் முழுவதும் அறிந்திருந்தது. அவ்வறிவு எழுத்தில் ஏறி, முடிவெடுப்போரின் மேசைக்குச் செல்ல ஒரு வழி இல்லாமற் போயிற்று. அவ்வழி இருந்திருந்தால் ஒரு காவலர் தம் பிள்ளைகளிடம் திரும்பியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் 1990 மார்ச்சில் நடந்திருக்க வேண்டியது ஒரு விசாரணை. ஜூலையில் நடந்தது ஒரு துப்பாக்கிச் சூடு.

விசாரணை நடந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமோ எனின், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. கோல்ஃப் பிறந்த ஸ்காட்லாந்திலேயே, அபர்டீன் பகுதியில் மெனி என்னும் பண்ணை நிலத்தில், அமெரிக்கச் செல்வர் டொனால்டு டிரம்ப் (அன்று அவர் அதிபரல்லர்) மைதானம் அமைக்க விண்ணப்பித்தார். அதன் ஒரு பகுதி, காற்றுக்கேற்ப நகர்ந்துகொண்டே இருக்கும் மணல் மேடு. அறிவியல் சிறப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றிருந்தது. 2007இல் உள்ளூர்க் குழு விண்ணப்பத்தை மறுத்தது. ஸ்காட்லாந்து அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு, முறையான விசாரணை நடத்தி, வருவாயும் வேலைவாய்ப்பும் வரும் என்னும் காரணத்தால் 2008இல் அனுமதித்தது. 2012இல் ஆட்டம் தொடங்கியது. புல் நட்டு மணலை நிறுத்திவிட்டதால் அம்மேட்டின் சிறப்பு அழிந்தது என்று கூறி 2020இல் இயற்கைப் பாதுகாப்புத் துறையே அச்சட்டப் பாதுகாப்பை நீக்கிவிட்டது.

இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குங்கள். ஓகாவில் நகரும் மணலை நிறுத்தியது ஊரைக் காத்தது. மெனியில் நகரும் மணலை நிறுத்தியது மணல் மேட்டையே கொன்றது. மரம் நடுவது நன்று, மணல் நகர்வது தீது என்று வாய்பாடு போல் எவரும் சொல்லிவிட இயலாது. அந்தந்த மண்ணை அந்தந்த இடத்தில் நின்றே கேட்க வேண்டும். நம் மாவட்டத்தில் விறகுக்காகப் பரப்பிய சீமைக்கருவேல் இன்று எந்த நிலையில் நிற்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுச் சட்டம். ஓகா நிகழ்ச்சி முடிந்து ஐந்து திங்களுக்குள், 1991 பிப்ரவரி 19 அன்று, நம் நடுவண் அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. அழகுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மணல் மேடுகளை வெட்டித் திருத்துவதை அது தடை செய்தது. அவ்வறிவிக்கை 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பெற்றது. ஆதலின் பழைய படியை வைத்துக்கொண்டு வாதிடுவோர் ஏமாறுவர். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 1994 ஜனவரி 27இல் வந்தது. மக்கள் கருத்துக் கேட்பு 1997இல் கட்டாயமாயிற்று. இப்போது நடைமுறையில் உள்ளது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையும் அதன்மேல் வந்த பல திருத்தங்களும். எந்தெந்தத் திட்டங்களுக்கு மதிப்பீடு வேண்டும் என்னும் பட்டியல் அதில் உண்டு. கோல்ஃப் மைதானம் என்று தனி இனம் அப்பட்டியலில் இல்லை. கட்டிடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் கட்டிடத் திட்டமாகவும், 50 ஹெக்டேரை எட்டினால் நகர்ப்பகுதித் திட்டமாகவும் வரக்கூடும். புல்லுக்குப் போகும் நீரைக் கொண்டு அளக்கும் கணக்கு அதில் இல்லை. கியூபெக்கின் குறை நம்மிடமும் ஒருவாறு இருப்பதைக் காண்க.

இவ்வறிவிக்கையில் சிறு எழுத்துகளில் சில விதிகள் உள. கூட்டத்துக்கு 30 நாள்களுக்கு முன் இரண்டு நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். அவற்றுள் ஒன்று வட்டார மொழியில் இருத்தல் வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வேண்டும். கூட்டம் தொடங்க இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்னும் குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. நாம் போகாவிட்டாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை அவையோருக்குத் தமிழில் படித்து விளக்கிய பின்னரே கையெழுத்திட வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நான் கற்றது நூலிலிருந்து அன்று, தவறியபின் கற்றேன். இந்த 2006 அறிவிக்கை வந்த சில ஆண்டுகளில், நம் கடற்கரையில் அமையவிருந்த ஒரு திட்டத்துக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. எத்திட்டம், எந்நிறுவனம் என்பது இங்கு வேண்டாம். நான் அப்போது பட்டதாரி ஆசிரியன். நம் குடியிருப்பிலிருந்து ஒரு வேனில் ஏறத்தாழ இருபது பேர் போனோம். மேடையில் கனத்த அறிக்கை ஒன்று இருந்தது, ஆங்கிலத்தில் இருந்தது. தேர்ந்தெடுத்த நிலம் குடியிருப்பும் பயன்பாடும் அற்ற தரிசு என்று அதன் தமிழ்ச் சுருக்கம் கூறிற்று. அந்நிலத்தின் தென்மூலையில் நம் இடுகாடு உள்ளது. என் தந்தையார் அங்கேதான் அடங்கியிருக்கிறார்.

பலரும் பேசினர், வேலைவாய்ப்பைப் பற்றியே மிகுதியும் பேசினர். எனக்குப் பெரியம்மா முறையாகும் மூதாட்டி ஒருவர் எழுந்தார். “ஐயா, அந்தப் புத்தகத்துல எங்க ஊத்து எந்தப் பக்கத்துல போட்டிருக்கு?” என்றார். அதிகாரி பணிவாகவே, “தண்ணீர் பத்தி நாலாவது பாகத்துல இருக்கும்மா” என்றார். “தண்ணி கேக்கலைங்க ஐயா. எங்க ஊத்து இருக்கான்னு கேட்டேன்” என்று பெரியம்மா நின்றுகொண்டே இருந்தார். பக்கங்கள் புரட்டப்பட்டன. இல்லை. குறித்துக்கொள்கிறோம் என்றனர்.

நாலரை மணிக்கு ஊருக்குச் செல்லும் பேருந்து. அதை விட்டால் இரவுதான். வேன்காரரும் காத்திருக்க மறுத்துவிட்டார். குறிப்பைப் படித்துக் காட்டுவார்கள் என்பதோ, அதுவரை இருந்து கேட்க வேண்டும் என்பதோ எங்களில் எவருக்கும் தெரியாது, பி.ஏ., பி.எட். படித்த எனக்கும் தெரியாது. பிற்பாடு குறிப்பின் படி ஒன்று கைக்கு வந்தது. ‘குடிநீர் குறித்து ஒருவர் வினவினார், உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு வரி. ஊற்று என்னும் சொல் இல்லை. பெரியம்மாவிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். “நான் கேட்டது இது இல்லையே தம்பி” என்று மட்டும் சொன்னார். அத்திட்டம் பிறகு வேறு காரணங்களால் நின்றுபோயிற்று. நாங்கள் நிறுத்தியதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

அறிக்கை எழுதியவர் பொய் எழுதினார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அவர் வருவாய்த் துறை ஆவணத்தைப் பார்த்து எழுதியிருப்பார். ஆவணத்தில் தரிசு என்றால் அறிக்கையிலும் தரிசுதான். ஆவணத்தில் நாம் இல்லாத வரலாறு மிக நீண்டது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பயனாக 1892இல் நம்மவர்க்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பத்தாண்டு வரை விற்றலாகாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்டோரையன்றிப் பிறர்க்கு விற்றலாகாது என்று நிபந்தனையும் எழுதப்பெற்றது. அந்தப் பஞ்சமி நிலங்களில் எத்தனை இன்று நம்மவர் கையில் உள்ளன என்பதை ஊருக்கு ஊர் தேடிக்கொண்டிருக்கிறோம். பொதுக் கிணறும் பொதுச் சாலையும் எல்லார்க்கும் உரியன என்று இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறச் செய்தார். தீர்மானம் கிணற்றடிக்கு வந்துசேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை உங்கள் பாட்டிமாரைக் கேளுங்கள். எழுதப்பட்டும் நடவாதது ஒருபுறம். எழுதப்படாமையாலேயே இல்லாததாய்ப் போனது மறுபுறம். மோஹாக் மக்கள் வேறு, நாம் வேறு. அவர்கள் நாட்டின் முதற்குடிகளாய் இருந்து நிலம் இழந்தவர்கள். நாம் இந்த நிலத்திலேயே இருந்தும் நிலத்தின் கணக்கில் ஏறாதவர்கள். எனினும் அவர்கள் தோப்பும் நம் ஊற்றும் ஒரே காரணத்தால்தான் அறிக்கைக்கு வெளியே நின்றன.

பெரியம்மா மறைந்த ஆண்டில், பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டு ஒரு வேலையைத் தொடங்கினேன். கிராம நிர்வாக அலுவலகத்தில் அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, இடுகாடு எந்தப் புல எண்ணில் வருகிறது, அதற்குச் செல்லும் பாதை எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்று எழுதினோம். பாதை குறிக்கப்படவே இல்லை. அதற்கான மனு நிலுவையில் உள்ளது. ஊற்றுகள் ஐந்தும் குடியிருப்புக் கிணறுகள் மூன்றும் எண்ணிடப்பட்டன. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டத்தை அளக்கிறார்கள். வாயில் வைத்துப் பார்த்து நல்லது, சப்பு, உப்பு என்று குறிக்கிறார்கள். அறிவியல் ஆசிரியை ஒருவர் உப்பளவு காணும் சிறு கருவியைத் தம் செலவில் வாங்கித் தந்தபின் எண்ணும் எழுதப்படுகிறது. மழை அளக்க ஒரு தகரக் குவளை உண்டு. கச்சான் காற்று அதை இருமுறை கொண்டுபோயிற்று.

அந்த நோட்டுப் புத்தகம் இப்போது மூன்றாவது புத்தகமாக வளர்ந்து, நம் கழகத்தின் படிப்பக அலமாரியில் இருக்கிறது. எந்தத் திட்டத்தையும் எதிர்க்க அது எழுதப்படவில்லை. நாளை நல்ல திட்டம் ஒன்று வந்தாலும் அதே கணக்கு தேவைப்படும். ஏப்ரல் இறுதி முதல் ஜூன் தொடக்கம் வரை உள்ள கட்டங்கள் மட்டும் ஆண்டுதோறும் வெறுமையாகக் கிடக்கின்றன. அப்போது பள்ளி விடுமுறை. ஊற்று மிகத் தாழ்ந்து கிடப்பதும் அப்போதுதான். அந்நாள்களில் அளக்க, ஊரிலேயே தங்கியிருக்கும் இளைஞர் இருவர் வேண்டும். விரும்புவோர் படிப்பகப் பொறுப்பாளரிடம் பெயர் தரலாம். கயிறும் கல்லும் அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளன.